எங்கே போவது என்பதைவிட, எத்தனை மணிக்குப் போவது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புது வண்ணாரப்பேட்டைக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. பொங்கல் விடுமுறைக்குச் சேலத்திலிருந்து அக்கா குடும்பமும் சித்தப்பா குடும்பமும் வருகிறார்கள், மொத்தம் ஒன்பது பேர். அதில் எழுபது தாண்டிய பாட்டி சுத்த சைவம், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேருக்கு மீனும் கறியும் இல்லாமல் சோறு இறங்காது, ஆறு வயதில் ஒரு குழந்தை. மூன்று நாள் தங்குகிறார்கள். "நம்ம ஏரியாவுல காட்ட என்ன இருக்கு, மெரினாவுக்கும் ஈசிஆருக்கும்தான் ஓடணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட வேண்டாம். நான் பிறந்தது ராயபுரம், இப்போது இருப்பது காலடிப்பேட்டை. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைச் சுற்றிக்காட்டும் வேலை எங்கள் வீட்டில் இருபது வருடமாக என் தலையில்தான். அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வட சென்னையில் எந்த இடத்துக்கும் ஒரு நேரம், ஒரு கிழமை, ஒரு மாதம் இருக்கிறது. அந்த நேரத்தில் போனால் ஊருக்குப் போன பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். நேரம் தவறினால் பூட்டிய கதவையும் வெயிலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தவர்கள்.

முதலில் காசிமேடு. சேலத்துக்காரர்கள் பார்க்கிற மீன் ஐஸ் பெட்டியில் ஒரு நாளோ இரண்டு நாளோ பயணம் செய்து வந்தது. படகிலிருந்து இறங்குகிற மீனை அவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஏலம் விடியலுக்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிடும், இரண்டு மூன்று மணிக்கெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் கூடை கூடையாக இறங்கும். ஆனால் அந்த நேரத்தில் வியாபாரிகளின் ஓட்டம் கடுமையாக இருக்கும், தள்ளுவண்டியும் ஐஸ் வண்டியும் நடுவில் பாயும், குழந்தையை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. நீங்கள் ஐந்தரை, ஆறு மணிக்குப் போங்கள். கடலுக்கு மேலே வெளிச்சம் ஏறும் நேரம், ஏலத்தின் கடைசிப் பகுதியும் கண்ணில் படும், சில்லறையாக வாங்கவும் முடியும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று பாதி சென்னை அங்கேதான் இருக்கும். பொங்கல் அன்றும் வேண்டாம். பாட்டியை வீட்டில் விட்டுவிடுங்கள், தரை முழுக்க ஈரம், வழுக்கும். மற்றவர்களும் பழைய ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

ஏலத்தில் கூடையாகத்தான் எடுக்க முடியும். அதனால் தெரிந்த நாலு குடும்பம் சேர்ந்து ஒரு கூடை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வது இங்கே வழக்கம். உங்களுக்கு அது தேவைப்படாது, ஓரமாகக் கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் வாங்கலாம். முதல் விலையைக் கேட்டு உடனே தலையாட்டாமல் நாலு இடம் பார்த்துவிட்டு வாருங்கள். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகிவிட்டால் பழசு. கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்கணும். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்பி வர வேண்டும், குழி அப்படியே நின்றால் அடுத்த கூறுக்குப் போய்விடலாம். என் அம்மா இன்னமும் விலை பேசுவதற்கு முன்னால் செவுளைத்தான் பார்ப்பார். "எடுத்துப் பாரும்மா, ராத்திரி வந்தது" என்று விற்கிறவர்களே நீட்டுவார்கள், அதில் யாருக்கும் கோபம் வராது. எல்லோரும் வஞ்சிரத்தைத் தேடிப் போவார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஒன்பது பேருக்குக் குழம்பு என்றால் சங்கரா போதும், வறுவலுக்கு நெத்திலியும் கொஞ்சம் இறாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மீன் ஆய்ந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், கூலி கொடுத்தால் குழம்புக்கு ஒரு மாதிரி, வறுவலுக்கு ஒரு மாதிரி வெட்டித் தருவார்கள். கத்தி போகிற வேகத்தைப் பார்க்கவே அந்தக் கல்லூரிப் பையன்கள் அரை மணி நேரம் நிற்பார்கள்.

மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அது கோடை விடுமுறை நேரம் என்பதால் நான் ஒரு முறை மே மாதத்தில் மாமா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய், வரிசையாகக் கட்டிப்போட்ட படகுகளைத்தான் காட்ட முடிந்தது. சின்னப் படகுகளின் மீன் கொஞ்சம் இருந்தது, விலை கையைக் கடித்தது. ஜனவரியில் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, கடல். இது முக்கியம், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். குழந்தை "கடல்ல கால் நனைக்கணும்" என்று கேட்கும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற வழியில் கரையோரம் பெரும்பாலும் கருங்கல் கொட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. வங்கக் கடலோரத்தில் வருடத்தில் பெரும்பகுதி நாட்கள் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்த பிறகு அதன் சுவர் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே மணல் வருவது நின்றுபோய் அலை கரையைத் தின்ன ஆரம்பித்தது. எங்கள் தாத்தா காலத்தில் இருந்த தெருக்கள் சில இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. கரையைக் காப்பாற்றத்தான் அந்தக் கற்கள். கற்களுக்கு நடுவே பாசி பிடித்திருக்கும், இழுப்பும் அதிகம், அங்கே குழந்தையை இறக்கவே கூடாது. கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காற்று வாங்கலாம், மாலையில் அது அருமையாக இருக்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டிக்கான இடம் திருவொற்றியூர். உங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம், தேரடி. இந்த வழித்தடம் 2021 பிப்ரவரியில் திறந்த பிறகு வயதானவர்களை அழைத்துப் போவது எவ்வளவு எளிதாகிவிட்டது என்று இங்கே பல வருடம் ஷேர் ஆட்டோவில் நசுங்கியவர்களுக்குத்தான் தெரியும். தியாகராஜர் கோயில் மதியம் நடை சாத்திவிடும், அதனால் மாலை ஐந்து மணிக்குப் போங்கள். வடிவுடையம்மன் சன்னிதியில் பாட்டி நின்றுவிடுவார், அவசரப்படுத்தாதீர்கள். சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்த ஊர் இது, "உன்னைப் பிரியேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போனது என்று கதை. பாட்டிக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அவரையே சொல்லச் சொல்லிக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆதிபுரீஸ்வரர் லிங்கத்துக்கு வருடம் முழுக்கக் கவசம் சாத்தியிருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான் கவசம் இல்லாமல் தரிசனம். பாட்டிக்கு ஆசை இருந்தால் அடுத்த கார்த்திகைக்குத் தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலை முடித்துக்கொண்டு கடலோரம் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்கு ஆட்டோ பிடித்துப் போகலாம். கையில் இருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று அலைந்தவருக்கு ஒற்றியூரில்தான் இனித்தது என்பார்கள். சின்ன இடம், சத்தம் குறைவு, காற்று நன்றாக வரும். பெரிய கோயிலில் கூட்டத்தில் நின்ற வயதானவர்களுக்கு இங்கே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் களைப்பு போய்விடும். என் பெரியம்மா கோயிலைவிட இந்த இடத்தைத்தான் அதிகம் கேட்பார்.

இரண்டாவது நாளைப் பழவேற்காட்டுக்கு ஒதுக்குங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அதற்குச் சரியான பருவம், பூநாரைகள் அப்போதுதான் கூட்டமாக நிற்கும். காணும் பொங்கலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நடக்க இடம் இருக்காது. ஒன்பது பேருக்கு வேன் வைத்துக்கொள்வது வசதி. வேன் வேண்டாம் என்றால் திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். எண்ணூர் தாண்டியதும் ரயில் கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் போகும்போது ஒரு பக்கம் கழிமுகமும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் தெரியும், பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். எப்படிப் போனாலும் காலை ஏழு ஏழரைக்குள் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். முதல் முறை நாங்கள் சாவகாசமாகப் பதினோரு மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் போய் இறங்கி, தொலைவில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் பார்த்தோம். அதுதான் பறவைகள் என்று இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த வருடம் விடிந்ததும் போனோம். ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அரித்துக்கொண்டே வரிசையாக நகர்ந்தன, ஏதோ ஒரு சத்தத்தில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியபோது இறக்கைக்கு அடியில் இருந்த சிவப்பு மொத்தமாக வெளியே வந்தது. என் மகள் அன்று முழுக்க அதையே வரைந்துகொண்டிருந்தாள்.

படகு விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், விடுமுறைக்கு உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. அப்படியும் கரையில் யாராவது வந்து "சும்மா ஒரு ரவுண்டுதான் சார், ஒண்ணும் ஆகாது" என்று கூப்பிடுவார்கள். எங்களையும் கூப்பிட்டார் ஒருவர், ஏற்கெனவே நிறைய பேர் உட்கார்ந்திருந்த படகு, ஒருவர் உடம்பிலும் மிதவைச் சட்டை இல்லை. என் தம்பி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. ஒன்பது பேரைக் கூட்டிப் போகிற நீங்கள்தான் அந்த இடத்தில் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர்.

கரையிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கோட்டை கட்டினார்கள், அந்தக் கோட்டையில் இன்று மிச்சம் அதிகம் இல்லை, ஆனால் அவர்களின் கல்லறைத் தோட்டம் நன்றாகவே இருக்கிறது. நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள், குழந்தை பயப்படுமா என்று நீங்கள் பயப்படுவீர்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விலா எலும்பை எண்ணிக்கொண்டு நின்றார்கள். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், கப்பலும் மாலையும் கேடயமும் நுணுக்கமாகச் செதுக்கியவை. இந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட துணிகளைத்தான் இந்தோனேசியத் தீவுகளுக்கு ஏற்றிப்போய் விற்று, அங்கே மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். சித்தப்பா லுங்கி கட்டுகிறவராக இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஊரில் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள், அக்காவுக்கு ஊருக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. நண்டும் இறாலும் பேர்போனவை, கடைத்தெருவில் இருக்கும் சின்ன மெஸ் ஒன்றில் போனதுமே "ஒன்பது பேர், ஒரு மணிக்கு" என்று சொல்லி வைத்துவிடுங்கள், சொல்லாமல் போனால் நாலு பேருக்கு மேல் தட்டு வராது. பாட்டிக்கு வீட்டிலிருந்தே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள், அங்கே சைவத்துக்கு அலைய வேண்டாம்.

மூன்றாவது நாள் ஜார்ஜ் டவுன். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்துதான் என்பதால் அந்தப் பக்கமே நாளை முடிப்பது வசதி. மதியம் பெட்டிகளைச் சென்ட்ரல் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டுக் கை வீசிக்கொண்டு கிளம்பலாம். காலையிலேயே போவதென்றால் மண்ணடியில் மெட்ரோ இறங்கி, தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், 1677இல் சிவாஜி வந்து கும்பிட்டதாகச் சொல்லும் கோயில், பாரதியாரும் வந்து போன இடம். அங்கிருந்து அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம், உள்ளே நுழைந்தால் பாரிமுனை இரைச்சல் அப்படியே அடங்கிப்போகும். மதியத்துக்கு மேல் அதையும் மூடிவிடுவார்கள். பழைய சிறைச்சாலை ரோட்டில் நகரச் சுவரின் மிச்சத்தின் மேலே மாடிப் பூங்கா, ராயபுரத்தில் 1856இல் திறந்த ரயில் நிலையக் கட்டடம் இதெல்லாம் நேரம் இருந்தால் போதும், பாட்டிக்கு வெயிலில் இதெல்லாம் வேண்டாம்.

மாலைதான் விஷயமே. ஐந்தரை மணிக்குப் பர்மா பஜாருக்குப் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலைக்குப் போங்கள், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகள். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசே எடுத்துக்கொண்ட பிறகு, தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி இங்கே இறங்கினார்கள். வியாசர்பாடிப் பக்கம் அவர்கள் குடியிருப்புகள் இருக்கின்றன. கையில் எதையும் கொண்டுவர முடியாதவர்கள் இந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைவு வரும்.

கடைக்காரர் செய்வதை முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கை அள்ளிப் பாத்திரத்தில் போடுவார், மேலே மெலிதாகச் சீவிய கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் ஒரு கரண்டி. எல்லாவற்றையும் கையாலேயே பிசைவார், அடுப்புக்கு வேலையே கிடையாது. கடைசியில் தட்டை மாதிரி ஒன்று, பேஜோ என்பார்கள், அதை நொறுக்கித் தூவிக் கொடுப்பார். முதல் வாய் புளிப்பு, அப்புறம் பூண்டு, அப்புறம் மொறுமொறுப்பு. கூடவே சூடாக வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். பையன்களுக்கு முட்டை மசால் சொல்லுங்கள், அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் விட்டுத் தருவது, அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். பாட்டிக்கு வாங்குவதற்கு முன்னால் சூப்பில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள், மொய்ங்கா என்கிற இந்த வகைச் சூப் பர்மாவில் மீன் சேர்த்துச் செய்வது, இங்கேயும் கடைக்குக் கடை மாறும்.

ஆனால் வயிற்றில் பாதி இடம் விட்டு வையுங்கள். அங்கிருந்து சௌகார்பேட்டை, இது முழுக்கப் பாட்டியின் ராஜ்ஜியம், சைவத்துக்கு வட சென்னையில் இதற்கு மேல் இடம் இல்லை. தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத்தில் சுடச்சுட ஜிலேபி, பாதாம் பால். முறுக்குக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, சட்னி வைத்துத் தருகிற முறுக்கு சாண்ட்விச் தெருவோரத்தில் கிடைக்கும், குழந்தைக்குப் பிடிக்கும். அப்புறம் என்எஸ்சி போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டர். மாலையில்தான் திறப்பார்கள், இட்லியும் ஊத்தப்பமும்தான் பெயர் பெற்றவை, பொடியும் நெய்யும் தாராளமாகப் போட்டு வரும். உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் என்று நினைத்துப் போகாதீர்கள், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கணும். பாட்டிக்கு நிற்க முடியாது என்றால் பார்சல் வாங்கி ரயிலில் கொடுக்கலாம், ஆறிப்போனால் நெய் உறைந்துவிடும் என்பதால் நான் பக்கத்துக் கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார வைப்பேன், "பெரியவங்களுக்கு ஒரு ஸ்டூல் தாங்கண்ணா" என்றால் யாரும் மறுத்ததில்லை.

ஒன்பது மணிக்குள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சென்ட்ரல் பக்கம்தான், ஆனால் யானைக்கவுனி வழியில் ஆட்டோ ஊர்ந்துதான் போகும், பெட்டிகளை எடுக்கிற வரிசையும் இருக்கிறது.